அமத்து, பிடி, விடு

“அமத்து” என்று காருக்குக் கீழேயிருந்து யோகேந்திரனின் குரல் வந்தது, தவமலர் அமத்தினாள். பிரேக் மிதி, தேத்தண்ணியில் ஊறின பாணுக்குள் விரல் போவதுபோல, ஒரு மறுப்பும் சொல்லாமல் இறங்கிப் பாதியில் நின்றது. “பிடி” என்றார். பிடித்தாள். பின்சக்கரத்துப் பக்கம் நட்டுத் திருகுகிற சின்னச் சாவி ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது, உடனே மிதி அவளைக் கேட்காமலே இன்னும் நழுவி அடித்தட்டில் போய் முட்டியது. காலையிலேயே சொல்லித் தந்திருந்தார். புதுப் பிரேக் பூட்டினால் குழாய்க்குள் காற்று நிற்கும், காற்று நின்றால் பிரேக் பிடிக்காது, ஒருவர் மேலே இருந்து மிதியை அமத்த, மற்றவர் கீழே படுத்துக் காற்றுப் போகிற சின்ன நிப்பிள் முனையைத் திறந்து மூட, அந்தக் காற்றைக் குமிழி குமிழியாகப் போத்தலுக்குள் துரத்த வேண்டும், நான் விடு என்று சொல்லாமல் காலை எடுத்திடாதை, எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். “விடு.” விட்டாள். மிதி மேலே வந்தது, கால் கூடவே வந்தது, பின்னேரம் முழுக்க இதுதான் நடக்கிறது, அமத்து, பிடி, விடு, மூன்றே சொல், ஒரு கிழமையாக வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சை எல்லாம் கூட்டினாலும் இதைவிட அதிகமாக இருக்குமோ தெரியாது, பேசக் கூடாத ஒன்று வாய்க்குள் நிற்கும்போது மற்ற எல்லாப் பேச்சும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது, சோறு போடட்டோ என்று கேட்கும்போதும் அது பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, போர்வையை உதறும்போதும் நிற்கிறது. “அமத்து.” அமத்தினாள். இன்னும் மெதுமையாகத்தான் இருந்தது.

ஸ்காபரோவில் அந்தத் தெருவில் இப்படி ஒரு கார் வேறு எவரிடமும் இல்லை. எழுபதாம் ஆண்டுச் சாலஞ்சர், நீட்டு மூக்கும் பெரிய எஞ்சினுமாக, ஸ்டார்ட் பண்ணினால் எதிர்வீட்டுச் சீனக்காரர் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கும் சத்தம். லின்ட்சேப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோழிகள் அடைந்துகிடந்த கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை யோகேந்திரன்தான் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, குளிர்காலம் குளிர்காலமாக இந்தக் கராஜுக்குள் இருந்து, மனிசரை வைத்தியம் பார்ப்பதுபோலப் பார்த்து எழுப்பினார். வேலைக்குப் போன காலத்தில் பகல் முழுக்கக் கராஜ் வேலையிடத்தில் ஆருடையதோ காருக்குப் பிரேக் கட்டை மாற்றிவிட்டு வந்து, பின்னேரம் தன்னுடையதற்குக் கீழே படுத்துவிடுவார். பிரேக் யோகண்ணை என்றுதான் சனம் சொல்லும். கலியாணவீடுகளில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே ஆராவது பக்கத்தில் வந்து, அண்ணை என்ரை வானில கீச்செண்டு ஒரு சத்தம் வருது என்று தொடங்கினால், அவர் தட்டைக் கையில் பிடித்தபடியே எந்தப் பக்கம், திரும்பேக்கையோ நேர போகேக்கையோ, மழைக்கோ வெயிலுக்கோ என்று கேட்டுக் கேட்டு, சக்கரத்தைப் பார்க்காமலே நோயைச் சொல்லிவிடுவார். அந்த மனிசன்தான் போன கிழமை, அது நடந்த அன்று பின்னேரமே, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பெட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு இன்னும் அந்தக் காலத்து டிரம், பின்பக்கம்தான் கைவிட்டுட்டுது மலர், இனி உந்தப் பயம் இல்லை. பெட்டி வந்ததும் பழைய படுக்கைவிரிப்பொன்றை விரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுக்கினார், பளபளவென்று இரண்டு தட்டுகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு, வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்று, குழாய்கள், ஆணிகள். முகத்தில் எவ்வளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள், போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரேக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அவள் பார்த்தாள். “விடு.” அன்று தமிழ்க் கடையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், மடியில் மீன் பார்சல் சில்லென்று இருந்தது. முன்னால் செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் நிறுத்து என்ற பலகையை உயர்த்திக்கொண்டு நடுத் தெருவுக்கு வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் செய்த ஏதோ கடதாசிப் பறவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. கார் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று தவமலர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள், ஏனென்று இன்றைக்கும் தெரியாது, கண் தானாகக் கீழே போனது. வலது கால் வேகம் கூட்டுகிற எண்ணெய் மிதியில் அமைதியாக இருந்தது. பிரேக்கைத் தேடி வழிதவறவும் இல்லை, தவிக்கவும் இல்லை, சும்மா இருந்தது, பூசைக்கு வந்தவர் ஓரமாகக் கழற்றி வைத்த சப்பாத்துப்போல. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, கண்ணிலிருந்து காலுக்குப் போகிற வழியில் எங்கேயோ அது நின்றுபோய்விட்டது. நில்லுங்கோ என்று அவள் கத்தினாள். அந்தப் பெண் பிள்ளையைச் சட்டைத் தொப்பியில் பிடித்து இழுத்தாள். கார் அவர்களைக் கடந்து போனது, கடதாசிப் பறவை மட்டும் சக்கரத்துக்குள் போனது. அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, கால் எழும்பி இடம் மாறி அமத்தியது, அமத்தின அமத்தில் மீன் பார்சல் மடியிலிருந்து பறந்து முன்னுக்கு விழுந்தது. அவ்வளவு நல்ல பிரேக். “பிரேக் பிடிக்கேல்லை” என்றார் அவர். பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை, பொய் சொல்கிறவரின் குரல் அவளுக்குத் தெரியும், இத்தனை வருசத்தில் அவர் சொன்ன நாலைந்து பொய்யையும் அவள் குரலிலேயே பிடித்திருக்கிறாள், இது நம்பிச் சொன்ன குரல். அந்தப் பெண் வந்து கண்ணாடியில் அடித்தாள், அவர் இறங்கிக் கைகூப்பாத குறையாகப் பிரேக் பிடிக்கவில்லை என்று இங்கிலீஷில் சொல்ல, அவள் நம்பாமல் இந்தப் பக்கம் திரும்பித் தவமலரைப் பார்த்தாள். எஸ், பிரேக், என்றாள் தவமலர்.

“அமத்து.” அமத்தினாள். எஸ், பிரேக். இரண்டு சொல்தான். அதைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்ல வழி இல்லாமல் போய்விட்டது, இப்போது போய் இல்லையப்பா உங்கட கால்தான் என்று சொன்னால், அப்ப ஏன் அங்கே அப்படிச் சொன்னாய் என்று கேட்பார், கேட்காவிட்டாலும் அப்படிப் பார்ப்பார். ஒட்டாவாவில் இருக்கிற மகள் அனோஜா ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கதைத்தபோது, அப்பா எப்படி என்று வழக்கம்போல் கேட்டாள், நல்லா இருக்கிறார், காருக்குப் புதுப் பிரேக் போடப்போறாராம், என்று தவமலர் சிரித்துச் சொன்னாள், சிரித்தும் விட்டாளே. மகளுக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள், டொக்டர் இந்த ஊர்ச் சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவிப்பார், லைசென்ஸ் போய்விடும், பிரேக் யோகண்ணை பஸ்ஸுக்கு நிற்பார், குளிருக்குள், காதை மூடின தொப்பியோடு. பஸ் எண்ணாவது ஞாபகம் இருக்குமோ. வசந்த காலத்தில் ஒருநாள் பக்கத்து மோலுக்குப் பாணும் பாலும் வாங்கப் போனவர் பொழுதுபடத்தான் வந்தார், பெருந்தெருவில் ஏறி இரண்டரை மணித்தியாலம் ஓடிக் கிங்ஸ்டன் வரைக்கும் போய்விட்டாராம், இடமெல்லாம் என்ன வடிவாய்க் கிடக்குது தெரியுமோ மலர் என்று சொன்னார், அப்போதும் அவள் அதை நம்பத்தான் பார்த்தாள், ஓய்வெடுத்த மனிசன், ஒரு ஆசைக்குப் போயிருப்பார். பாண் வாங்கி வரவில்லை. பாரிஸில் இருந்த அவருடைய மூத்த அண்ணருக்கும் இப்படித்தான் தொடங்கினது. கடைசியில் மெட்ரோவின் முடிவு ஸ்டேசனில் வாங்கில் இருந்துகொண்டு, கூட்டுகிற பெண்ணிடம் ஊருக்கு, பருத்தித்துறைக்கு, பஸ் எப்ப வெளிக்கிடும் என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாராம். முதல்ல நாங்கள் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சனாங்கள் மலர், என்று மச்சாள் ரெலிபோனில் சொன்னது காதுக்குள் அப்படியே கிடக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் அவளும் ஞாயிற்றுக்கிழமை சிரித்தாள்.

“பிடி.” பிடித்தாள். இந்தக் காலை எடுத்துவிட்டால் என்ன என்று அந்த நேரத்தில்தான் வந்தது, அவள் கூப்பிடாமலே வந்தது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும் என்று அவரே சொல்லித் தந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம், ஒரு விரல் அளவு எடுத்தால் போதும். பிரேக் ஒருநாளும் சரிவராது, சரிவராத பிரேக்கோடு அவர் காரை வெளியே எடுக்க மாட்டார், அந்த ஒழுக்கம் அவருடைய எலும்புக்குள் இருக்கிறது, அதை மறந்தாலும் கடைசியாகத்தான் மறப்பார். கார் இங்கேயே நிற்கும். அவர் தேடிக்கொண்டே இருப்பார், எங்கே பிழை எங்கே பிழை என்று, பனி விழுந்துவிடும், வசந்தம் வரும்வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காது, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்காது. சீ. என்ன நினைப்பு. தன்னுடைய கையைத் தானே நம்ப முடியாத ஒரு மனிசனை அவருடைய தொழிலுக்குள்ளேயே ஏமாற்றுவதா. ஆனால் ஏமாற்றாமல் விட்டால் என்ன நடக்கும், நல்ல பிரேக் என்ற நம்பிக்கையில் இன்னும் துணிந்து ஓடுவார், அவள்தான் பக்கத்தில் இருந்து காற்றைத் துரத்தி அந்த நம்பிக்கையைப் பூட்டிக் கொடுத்தவள் ஆவாள். எடுத்தேனா? ஒரு கணம் மிதி மேலே வந்ததுபோல இருந்தது. இல்லை, எடுக்கவில்லை. அதற்கு முதல் தடவை? அதற்கும் முதல்? வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் முடிந்து திரும்பவும் வலப்பக்கம் வந்திருக்கிறார், இரண்டு போத்தல் பிரேக் எண்ணெய் போய்விட்டது, மிதி இன்னும் பாண்தான். நினைப்பதற்கு முதலே கால் செய்யத் தொடங்கிவிட்டதோ. அவருடைய கால் அவருக்குச் சொல்லாமல் சும்மா இருந்ததுபோல, தன்னுடைய காலும் தனக்குச் சொல்லாமல் எழும்பிக்கொண்டிருக்கிறதோ. ஒரே வீட்டில் இவ்வளவு காலம் இருந்தால் அதுவும் தொற்றுமோ. குனிந்து தன் காலைப் பார்த்தாள். வீட்டுச் செருப்போடு அது மிதியின் மேல் இருந்தது, நல்ல பிள்ளைபோல.

விடு என்ற சொல் வரவில்லை. காத்திருந்தாள். வெளியே எதிர்வீட்டுச் சீனக்காரர் இலை ஊதுகிற மெஷினை நிறுத்திவிட்டார், அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. விடு. சொல்லுங்கோ. தொடை இறுகியது, கெண்டைக்கால் ஒடிந்துபோகிறதுபோல வலித்தது. வந்த புதிதில் பக்டரியில் பை ஒட்டுகிற மெஷினில் அவள் நின்றவள், காலால் ஒரு மிதி, சூடான தட்டு வந்து பையின் வாயை ஒட்டும், அடுத்தது, அடுத்தது, வீட்டுக்கு வந்து படுத்தால் கால் நித்திரையிலும் மிதிக்கும், அவர் எழும்பி எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுவார், கரி படிந்த பெரிய கைகள், மலர் உன்ர காலுக்கு இனி வேலை முடிஞ்சுது எண்டு சொல்லு, என்று காதுக்குள் சொல்லுவார். இந்தக் காலை அறிந்த கை அது. பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள், அவருடைய சப்பாத்து நுனி இரண்டும் தெரிந்தன, அசையவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை, அப்படியானால் என்ன, அங்கே கிடந்துகொண்டு என்ன செய்கிறார், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, மேலே இருப்பது கார் என்று தெரியுமோ, ஆர் மேலே இருக்கிறாள் என்று தெரியுமோ. கூப்பிட்டால் திடுக்கிடுவார், தலை இடிக்கும். கூப்பிடாவிட்டால் இப்படியே கிடப்பார். கூப்பிட வாய் எடுத்தாள், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் அவளுக்கே வரவில்லை, இத்தனை வருசத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அவருக்குத் தன்னுடைய பெயர் மறந்துபோகும் நாளில் அதை எடுத்துக் கொடுக்க அவளுடைய வாய்க்குப் பழக்கமே இல்லை. இஞ்சருங்கோ, என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே கேட்காத மாதிரித்தான் வந்தது.

சாவி திரும்பியது. விடு என்று சொல்லவில்லை, கையை ஊன்றிச் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார், வந்து எழும்பாமல் சீமெந்துத் தரையிலேயே காலை நீட்டி இருந்துகொண்டு சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் போய்க் குந்திப் பார்த்தார். திரும்ப வந்தார். “மலர், இஞ்ச ஒருக்கா வா.” அவள் காலை எடுத்துவிட்டு இறங்கினாள், கால் தரையில் நிற்க மறுத்தது, கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். காலிப்பரின் அடியில் குழாய் மாட்டியிருந்த நிப்பிளை அவர் விரலால் தொட்டுக் காட்டினார், காத்து எப்பவும் மேலதான் நிக்கும், நிப்பிள் மேல நிக்கோணும், இஞ்ச பார் கீழ நிக்குது, எவ்வளவு அமத்தினாலும் எண்ணெய்தான் போகும், காத்து போகாது. குரல் சாதாரணமாக இருந்தது, கலியாணவீட்டில் ஆருடையதோ வானைப் பற்றிச் சொல்வதுபோல. “வலத்தை இடத்தில பூட்டிப்போட்டன். இடத்தை வலத்தில.” அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. என்னுடைய கால் இல்லை, நான் எடுக்கவில்லை, கடவுளே நான் எடுக்கவில்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே அதைப் பார்த்து வெட்கம் வந்தது, ஏனென்றால் அவளில்லை என்றால் அவர்தான். வேலைக்குப் புதிதாக வந்த பொடியன்கள் இந்தப் பிழையை விட்டால் அவர் ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணுவார், வலது கை எதெண்டு தெரியாதவனுக்கு எல்லாம் சம்பளம் குடுக்கினம் என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாக, நகத்துக்குள்ளும் துடைத்தார், துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு” என்றார், துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். “அண்டைக்கு நான் பிரேக்கில கால் வைச்சனானோ, மலர்?”

ஓம் என்று சொல்லலாம். எஸ் என்று ஒருமுறை சொன்ன வாய்தானே. சொன்னால் நம்புவார், அவள் சொன்னால் எதையும் நம்புவார், இனிமேல் அப்படித்தான், இனிமேல் என்ன நடந்தது எது நடக்கவில்லை என்பதெல்லாம் அவள் சொல்வதுதான், அந்த அதிகாரம் இந்தக் கணத்தில் அவளுடைய கைக்கு வந்து சேர்ந்ததை அவள் உணர்ந்தாள், பாரமாக இருந்தது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை. முழங்காலை மடித்து அவருக்குப் பக்கத்தில் சீமெந்தில் இருந்தாள், குளிர் சேலைக்குள்ளால் ஏறியது.

“இல்லை. வைக்கேல்லை.”

“நீ பாத்தனியோ?”

“பாத்தனான்.”

கால் எங்கே இருந்தது என்று கேட்டார். மற்றதில் என்றாள். அசைந்ததோ என்று கேட்டார். இல்லை என்றாள். நான் கத்தின பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து வைத்தனான், வைச்ச உடனே கார் நிண்டதோ, ஒரு பக்கம் இழுத்ததோ, என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், வாடிக்கையாளரிடம் கேட்கிறமாதிரி, ஒன்றையும் விடாமல். நான்தான் கத்தினது, நீங்கள் இல்லை, என்று திருத்திவிட்டு அவள் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னாள். மீன் பார்சல் பறந்ததையும் சொன்னாள். அதைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“அப்ப டிரம் நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார். அந்தக் குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. முகத்தைத் திருப்பிப் படுக்கைவிரிப்பில் கிடந்த பழைய டிரம் இரண்டையும் பார்த்தாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார் என்று ஒரு கிழமையாகப் பயந்த கேள்வி வரவேயில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே, என்று கேட்டார். ஒண்டுமில்லை, அந்த மனுசி பிடிச்சு இழுத்திட்டா, என்றாள். நல்லது என்றார். அனோஜாவுக்குச் சொல்லப்போகிறேன் என்று அவள் சொன்னாள், திங்கட்கிழமை டொக்டரிட்டப் போவம், அவரும் மறுக்கவில்லை, திங்கட்கிழமை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார். விடுங்கோவன், அப்படியே கிடக்கட்டும், ஆரையும் கூப்பிட்டுப் பேந்து பூட்டுவம், என்று அவள் சொல்ல, அவர் சொல்லத் தகாத ஒன்றைக் கேட்டவர்போல அவளைப் பார்த்தார். “சரியாப் பூட்டோணும். இனி நீயெல்லோ ஓடப்போறாய்.” இந்தப் பெரிய காரை அவள் ஒருநாளும் ஓட்டினதில்லை.

அவர் இரண்டையும் கழற்றினார். இந்த முறை அவள் பக்கத்திலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இது எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, பூட்டுவதற்கு முதல் ஒவ்வொன்றையும் தூக்கி அவளுக்குக் காட்டினார், அவள் நிப்பிள் மேலே நிற்கிறதா என்று பார்த்துத் தலையாட்டினாள், பிறகு பூட்டினார். கை தடுமாறவில்லை. திரும்ப மேலே ஏறி இருந்தாள். அமத்து, பிடி, விடு. கொஞ்ச நேரத்திலேயே மிதி கனக்கத் தொடங்கியது, ஒவ்வொரு அமத்துக்கும் உயர உயர நின்றது, கடைசியில் கால் ஒரு கல்லில் வைத்ததுபோல நின்றுவிட்டது, அவள் முழுப் பலத்தையும் கொடுத்துப் பார்த்தாள், அசையவில்லை. “நிக்குது” என்றாள். கீழே அவர் நிப்பிளை இறுக்குகிற சத்தம் கேட்டது, ஒருமுறை, பிறகு சரிபார்க்க இன்னொருமுறை. வெளியே வெயில் வழுக்கி எதிர்வீட்டுக் கூரையில் போய் நின்றது.

“மலர்.”

“என்னப்பா?”

“அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே?”

அவளுடைய கால் மிதியிலேயே இருந்தது. இப்போதுதான் கேட்டீர்கள் என்று நாக்கின் நுனிமட்டும் வந்தது, அங்கேயே நின்றது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பக்கத்துக் கண்ணாடியில் சப்பாத்து நுனிகள் பதிலுக்குக் காத்திருந்தன.

“ஒண்டுமில்லை” என்றாள். “அந்த மனுசி பிடிச்சு இழுத்திட்டா.”

“நல்லது” என்றார் அவர், முதல்முறை கேட்டவரின் அதே நிம்மதியோடு.